பதினேழாவது குழியில் ஒரு கோரை

துரைராசு பழையதில் கை வைக்காமலே கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். கமலாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயித்துக்கு ஒண்ணும் போடாம, பொழுதுக்கும் வெயில்ல நின்னு அந்தக் குச்சியச் சுத்தப் போறீங்களாக்கும்?"

"எறங்க மாட்டேங்குது."

"தோத்துட்டா என்னதான் ஆகும்?"

"தோத்துட்டா நாளைக்கு ஐயா வரமாட்டாரு."

"ஜெயிச்சா மட்டும் வந்து குதிச்சிடுவாராக்கும்!"

அவளுக்கு அந்த விளையாட்டையும் பிடிக்காது, மிராசுதார் ஐயாவையும் பிடிக்காது. இருந்தாலும் அவனுடைய வெள்ளைக் கால்சட்டையை முந்தின ராத்திரியே துவைத்து, சொம்பில் நெருப்பு போட்டுத் தேய்த்து மடித்து வைத்திருந்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு, மலேயாவிலிருந்து கொண்டுவந்த தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, அவள் வாசலில் நின்று, "பாத்து அடிங்க" என்றாள். சைக்கிளில் ஏறியவனுக்குக் கண் முன்னால் சாலை தெரியவில்லை, அந்த முக்கால் வேலி நிலம்தான் தெரிந்தது.

ஒரு வயல்காட்டு ஆள் கோல்ஃப் ஆடப் போவது எப்படி என்று கேட்பீர்கள். துரைராசு பதினேழு வயதில் சித்தப்பாவோடு மலேயாவுக்குக் கப்பல் ஏறியவன். ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் வேலை. அங்கிருந்த வெள்ளைக்கார மேனேஜருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தால் கணக்கப்பிள்ளையைக் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் மேனேஜரையே தோற்கடிக்கிற அளவுக்கு இவன் தேறிவிட்டான். பிறகு தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று ஊர் திரும்பினான். திரும்பியவன் அப்படியே தங்கிவிட்டான், கல்யாணம் செய்துகொண்டான், கையிலிருந்ததைப் போட்டு ஒரு ஜோடி மாடு வாங்கினான், மிராசுதார் அமிர்தலிங்கத்திடம் முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான்.

எடுத்தபோது அது களர். வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், நாற்று நட்டால் கருகும். மிராசுதாரின் சொந்த ஆட்களே ஏர் ஓட்டக் கூச்சப்பட்ட இடம். துரைராசுவும் கமலாம்பாளும் ஆற்று வண்டலை வண்டி வண்டியாக அடித்தார்கள், கொழிஞ்சியும் ஆவாரையுமாகத் தழை வெட்டிப் போட்டு மிதித்தார்கள், தண்ணீர் கட்டி வடித்து, மறுபடி கட்டி வடித்தார்கள். இந்தத் தையில் அறுத்த சம்பாவைப் பார்த்து அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வாயில் விரல் வைத்தார்கள். மிராசுதாரும் பார்த்தார். பார்த்த மறுவாரமே அவருக்கு அது தன் நிலம் என்கிற ஞாபகம் வந்துவிட்டது.

ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஒரு பக்கம் சிவப்புக் கொடிக்காரர்கள், ஒரு பக்கம் மிராசுதார்கள் சங்கம், அறுவடை என்றால் களத்தில் போலீஸ் வந்து நிற்கும். சென்னையில் புதுச் சட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். குத்தகைக்கு உழுகிறவன் எவனோ, அவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏறிவிட்டால் அவனை நினைத்தபோது கிளப்ப முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் குத்தகை என்பது வெற்றிலை பாக்கு வைத்துப் பேசி முடிப்பது. எவன் பத்திரம் எழுதினான்? துரைராசு மனுப் போட்டான். மிராசுதார், "அது என் பண்ணைச் சாகுபடி, துரைராசு மேற்பார்வைக்கு வைத்த ஆள்" என்று பதில் எழுதிக் கொடுத்தார். சாட்சிக்கு ஆள் தேடினான். பக்கத்து வயல்காரருக்கு அன்றைக்குத்தான் வைத்தீசுவரன் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது, அதற்கடுத்த வயல்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எல்லாருமே அவர் நிலத்தில் நிற்கிறவர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

விசாரணை திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனியும் ஞாயிறும் கிளப்பின் போட்டி, ஞாயிறு கடைசி ஆட்டம்.

கிளப் தஞ்சாவூருக்கு வெளியே, வெண்ணாற்றைத் தாண்டிப் போகிற சாலையில் இருந்தது. ரயில்வே வெள்ளைக்காரர்கள் உண்டாக்கியது. மருதமும் வாகையும் தூங்குமூஞ்சியுமாகப் பெரிய தோப்பு, நடுநடுவே புல்தரை, குறுக்கே ஒரு வாய்க்கால், மொத்தம் ஒன்பது குழி. இரண்டு சுற்று ஆடினால் பதினெட்டு. வெள்ளைக்காரன் போன பிறகு டாக்டர்களும் அதிகாரிகளும் மிராசுதார்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமிர்தலிங்கம்தான் தலைவர். அவருடைய அப்பா பெயரில் ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. பணத்துக்கு ஆடாதவர் எவரும் எந்த ஊரிலிருந்தும் வந்து ஆடலாம் என்று அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுதான் வினையாகப் போயிற்று. வருஷா வருஷம் திருச்சிக்காரனோ மதராஸ்காரனோ வந்து அப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். மிராசுதார் பின்னாலிருந்து கைதட்டுவார்.

அறுத்த வயலில் ஒரு சாயங்காலம் துரைராசு பழைய பந்து ஒன்றை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் காரிலிருந்து பார்த்தார். அந்தக் காரின் முகப்பில் புதுக் கட்சிக் கொடி பறக்கும், பழைய கட்சியின் கதர்த் துண்டு பின்பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கும். எந்த நேரத்தில் எது வேண்டியிருக்குமோ. காரை நிறுத்தி இறங்கி, வரப்பில் வந்து நின்று, பந்து போய் விழுந்த இடத்தைக் கண்ணால் அளந்தார்.

"கோப்பைய நம்ம ஊர்ல நிறுத்திடு துரைராசு. மறுநாள் நானே தாசில்தார் முன்னாடி வந்து, தப்பா எழுதிட்டாங்க, இவன்தான் குத்தகைன்னு சொல்லிடறேன். எங்கப்பா மேல ஆணை."

அந்த ஆணையை நம்பித்தான் துரைராசு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். நம்பினான் என்றும் சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

கிளப் வாசலில் நுழைந்ததும் அவன் முதலில் பார்த்தது தாசில்தார் நடராசனை. சாயங்காலம் பரிசு கொடுக்கக் கலெக்டர் வருகிறார் என்பதால் பந்தல், நாற்காலி, மாலை எல்லாம் தாசில்தார் தலையில் விழுந்திருந்தன. வியர்த்து வழிய, "அந்த நாற்காலிய நிழல்ல போடுய்யா" என்று தலையாரிகளை விரட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு விசாரணை செய்யப்போகிறவரும் அவர்தான். துரைராசு கும்பிட்டான். அவர் பார்த்தும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

முதல் நாள் ஆட்டத்தில் முன்னால் நின்ற இரண்டு பேரைக் கடைசி ஜோடியாக விட்டிருந்தார்கள். ஒன்று துரைராசு, மற்றது திருச்சிப் பல் டாக்டர் முகம்மது யூசுப். ஐம்பது வயது, ஒல்லி, மூக்கு நுனியில் கண்ணாடி. பந்தோடு பேசுகிற மனுஷன். "போம்மா, போ, அங்கன நின்னுடும்மா" என்று கெஞ்சுவார், அதுவும் சொன்னபடி கேட்கும். இந்த ஆட்டத்தில் யார் குறைவான அடியில் எல்லாக் குழியையும் முடிக்கிறானோ அவன் ஜெயித்தான். இவன் அடியை அவர் கார்டில் குறிப்பார், அவர் அடியை இவன் குறிப்பான். நடுவர் என்று ஒருவர் கூடவே ஓடிவர மாட்டார். தன் தப்பைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும், அதுதான் சட்டம். கபடி ஆடிய கூட்டத்துக்கு இதைச் சொன்னால் சிரித்து உருளுவார்கள்.

காலையிலிருந்து வெயில் ஏறிக்கொண்டே போனது. துரைராசு ஒரு குழியில் ஓர் அடி மிச்சம் பிடிப்பான், அடுத்த குழியில் டாக்டர் அதைப் பறித்துக்கொள்வார். மிராசுதார் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். துரைராசுவின் பந்து நன்றாகப் போனால் தொண்டையைக் கனைத்தார், போகாவிட்டால் குடையை மாற்றிப் பிடித்தார். ஒவ்வொரு கனைப்புக்கும் துரைராசுவின் மனசில் ஒரு வயல் கைக்கு வந்தது, ஒவ்வொரு குடை மாற்றலுக்கும் அது கைவிட்டுப் போனது. மதியம் சோறு கொடுத்தார்கள். அதுவும் இறங்கவில்லை, மோரை மட்டும் குடித்தான். பதினாறு குழி முடிந்தபோது துரைராசு ஓர் அடி முன்னால் நின்றான். ஒரே அடி.

பதினேழாவது குழியில் முதல் அடி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பந்து வாய்க்கால் கரையோரம் விழுந்ததைப் பார்த்தான். டாக்டரின் பந்து வலது பக்கம் வாகை மரங்களுக்குள் போயிருந்தது. அவர் தன் பந்தைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார், இவன் இந்தப் பக்கம் வந்தான்.

வாய்க்கால் கசிவில் அங்கே புல் தழைத்துக் கிடந்தது. பந்து கிடைத்தது. அதற்கு நேர் பின்னால் ஒரு கோரை, நன்றாக முற்றி, தலையில் பழுப்புப் பூ விட்டு நின்றது. துரைராசு அதைப் பார்க்கவே இல்லை. அவன் கண் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மருதமரக் கிளையில் இருந்தது. கிளைக்குக் கீழே விடுவதா, மேலே தூக்குவதா? கீழே விட்டால் அப்பால் வெட்டி வைத்திருக்கும் மணல் பள்ளத்தில் உருளும், மேலே தூக்கினால் கிளையில் பட்டு வாய்க்காலில் விழும். விழுந்தால் போச்சு, எல்லாம் போச்சு. அவன் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் பார்த்துக்கொண்டு நிற்கையில் கை கீழே போயிற்று.

வரப்பில் நடக்கும்போது அப்படித்தான் போகும். மனசு எங்கேயாவது இருக்கும், வாய் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குக் கோரையின் அடியைப் பிடித்து, கிழங்கு அறுந்து மண்ணில் தங்கிவிடாமல் பதமாக ஒரு சுண்டு சுண்டும், வேர்மண்ணை முட்டியில் தட்டும், பின்னால் வீசும். இப்போதும் சுண்டியது, தட்டியது, வீசியது. முட்டியில் சில்லென்று ஈரம் பட்ட பிறகுதான் துரைராசு குனிந்து பார்த்தான். கமலாம்பாள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைக் கால்சட்டையில் சேறு.

பந்துக்குப் பக்கத்தில் முளைத்திருக்கிற எதையும் தொடக்கூடாது, வளைக்கக்கூடாது, பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் தண்டம் இரண்டு அடி. இது ஆட்டம் பழகுகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது. ஓர் அடி முன்னால் நின்றவன் ஓர் அடி பின்னால் போய்விட்டான். நிமிர்ந்து பார்த்தான். டாக்டர் வாகை மரங்களுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு, "எங்கடியம்மா போனே?" என்று பந்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தூரத்தில் நின்றது. யாரும் பார்க்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. பத்தடி தள்ளி, மருதமரத்து நிழலில், குடையோடு மிராசுதார் நின்றுகொண்டிருந்தார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, 'அடி' என்று கண்ணைக் காட்டினார்.

அவன் அடித்தான். எப்படி அடித்தான் என்று தெரியாது. பந்து கிளைக்குக் கீழே புகுந்து வெளியே வந்து நல்ல இடத்தில் நின்றது. டாக்டரும் மரங்களுக்குள்ளிருந்து தப்பித்து வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் அந்தக் குழியில் ஐந்தைந்து அடி. டாக்டர் குறித்துக்கொண்டார்.

கடைசிக் குழிக்கு நடக்கும்போது குடை பக்கத்தில் வந்தது.

"முட்டியத் தொடைச்சுக்க."

துரைராசு துடைத்தான். சேறு இன்னும் பரவியது.

"ஐயா, நான் வேணும்னு செய்யல."

"நீ ஒண்ணுமே செய்யலயே. நான் ஒண்ணும் பாக்கலயே."

"சொல்லணும்ங்க ஐயா. ரெண்டு அடி சேத்துக்கணும்."

மிராசுதார் சிரித்தார். கூட்டத்துக்குக் கேட்காத சிரிப்பு. "இன்னிக்கு நீ எனக்காக வாய மூடிக்க. நாளைக்கு நான் உனக்காக வாயத் தெறக்கிறேன். சரியாப் போச்சா?" என்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குடையோடு விலகிப் போனார்.

சரியாகத்தான் போயிற்று. அவர் நாளைக்குச் சொல்லப்போவது உண்மை, அந்த உண்மைக்கு விலை இன்றைக்கு இவன் சொல்லும் பொய். துரைராசு நடந்துகொண்டே கணக்குப் போட்டான். பிடுங்கியதால் பந்துக்குப் பெரிய சௌகரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. கோரை இருந்தாலும் அந்த அடி போயிருக்கும். போயிருக்கும்தானே? ஒரு களைக்காக முக்கால் வேலியை விடுவானா ஒருத்தன்? கமலாம்பாள் தலையில் வண்டல் கூடை சுமந்து சுமந்து உச்சி முடி உதிர்ந்தது ஞாபகம் வந்தது. பொய் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான். முடிவு செய்த உடனே நெஞ்சு அடங்கும் என்று நினைத்தான். அது முன்னைவிட வேகமாக அடித்தது.

கடைசிக் குழியில் கை நடுங்கவில்லை, அதுதான் வேடிக்கை. காலையிலிருந்து நடுங்கிய கை கல்லாக நின்றது. நாலே அடியில் பந்தைக் குழிக்குள் விட்டான். டாக்டரும் நாலு. கூட்டம் கைதட்டியது. மிராசுதார் குடையை வீசி எறிந்துவிட்டு ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். நிலத்துக்கு வந்தால் வரப்பைவிட்டு இறங்காமல் நின்று பேசுகிற மனுஷர். அவர் சட்டையில் அத்தர் மணத்தது. காதுக்குள், "எங்கப்பா ஊட்டுக்கு வந்துட்டாருடா" என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. துரைராசுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தால் அல்ல. இனிமேல் ஆயுசு பூராவும் இவர் கையில் அந்தக் கோரை இருக்கும் என்று அந்தப் பிடியில் தெரிந்துவிட்டது. நெல் அளக்கும்போது கேள்வி கேட்டால் கோரையைக் காட்டுவார். மடையைத் திறக்கச் சொன்னால் கோரையைக் காட்டுவார். நாளைக்கே வராமல் இருந்துவிட்டால் என்ன? அந்தத் திருட்டு ஆட்டக்காரன் பேச்சை நம்புறீங்களா என்று சொல்லியனுப்பினால்? அவனிடம் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, தான் சொல்லும் சொல் ஒன்றுதான் இருந்தது.

பந்தலுக்கு முன்னால் ஒரு மேஜை. பக்கத்தில் தாசில்தார் நடராசன் கோலி சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, கலெக்டர் கார் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளப்காரர்கள் சுற்றி நின்றார்கள். கோப்பை மேஜை மேல் இருந்தது, மிராசுதார் தன் துண்டாலேயே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் யூசுப் கார்டை எடுத்து ஒவ்வொரு குழியாக வாசித்தார், துரைராசு தலையாட்டிக்கொண்டே வந்தான். படித்து முடித்து இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"பதினாறு, நாலு. பதினேழு, அஞ்சு. சரிதானே தம்பி?"

துரைராசு தலையாட்டவில்லை.

"தம்பி?"

"ஏழு."

"என்னது?"

"பதினேழுல ஏழு போடுங்க டாக்டர். பந்துக்குப் பின்னாடி இருந்த கோரையப் பிடுங்கிட்டேன்."

கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு நின்றது.

"பதட்டத்துல ஒளர்றான்" என்றார் மிராசுதார். "நான் கூடவே நடந்து வந்தேன். கோரையும் இல்ல, கீரையும் இல்ல. நீங்க கையெழுத்துப் போடுங்க டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு துரைராசுவின் முட்டியைப் பார்த்தார். "பிடுங்கினவரே சொல்றாருங்களே" என்றார் தயக்கமாக. "ஆனா தம்பி, ரொம்ப வருஷம் ஆடின கை உங்களுது. இதப் போயி எப்படி…?"

"தெரிஞ்சு செய்யல டாக்டர். கைப் பழக்கம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். ஐந்தை அடித்தார். ஏழு என்று எழுதினார். பிறகு, ஏதோ தன் பல்லையே பிடுங்கிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கூட்டல் போட்டார். கோப்பை மறுபடி திருச்சிக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் சுற்றி நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கிளப்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "இந்த வருஷமும் பெரியவரை வழியனுப்ப வேண்டியதுதானா?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் மிராசுதாருக்குப் பொறுக்கவில்லை. முகம் செம்பாகச் சிவந்தது. கோப்பையை மேஜையில் டங்கென்று வைத்துவிட்டுத் துரைராசுவை நோக்கிக் கையை நீட்டினார்.

"கைப் பழக்கமாம், கைப் பழக்கம்! வராதா பின்னே? அஞ்சு வருஷமா என் நெலத்தக் குத்தகைக்கு எடுத்துச் சேத்துல கெடக்கிறவன்! நாத்தங்கால்ல களை புடுங்குற கைக்கு வெள்ளைக் கால்சட்டை மாட்டிவிட்டா மாறிடுமா? குத்தகைக்காரப் புத்தி, குத்தகைக்காரப் புத்திதான்! இவனப் போயி நாலு பெரிய மனுஷன் நடுவுல கொண்டாந்து நிறுத்தினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ஒருத்தரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவமானம் துரைராசுவின் காது மடல் வரை சுட்டது. தலை தானாகக் குனிந்தது. குனிந்த தலைக்குள் அந்தப் பேச்சு மறுபடி ஒருமுறை ஓடியது. அஞ்சு வருஷமா. என் நெலத்த. குத்தகைக்கு எடுத்து.

அவன் தலையைத் தூக்கினான். தாசில்தாரைப் பார்த்தான். தாசில்தார் சோடா பாட்டிலுக்குள் இருக்கும் கோலியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உள்ளே எப்படிப் போயிற்று என்று அன்றைக்குத்தான் யோசிக்கிறவர் மாதிரி.

மிராசுதாருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"ஐயா" என்றான் துரைராசு, தாசில்தாரிடம். மேஜைக்குக் கிட்டே போனான். "தாசில்தார் ஐயா. அவங்க இப்ப சொன்னது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

"இது என்ன இடம், இங்க வந்து அதப் பேசறே?" என்று மிராசுதார் பாய்ந்தார். "கோவத்துல ஒரு வார்த்தை வரும், போகும். நடராசன், நீங்க கலெக்டர் வர்ற வழியப் பாருங்க."

நடராசன் நல்லவர் என்று யாரும் சொன்னதில்லை, கெட்டவர் என்றும் சொன்னதில்லை. மாற்றல் உத்தரவுக்குப் பயந்து பயந்தே பாதி உத்தியோகத்தை ஓட்டிவிட்டவர். மிராசுதாரின் காரில் பறக்கிற கொடி அவருக்குத் தெரியும். அவர் சோடாவை ஒரு வாய் குடித்தார். கர்சீப்பால் மீசையைத் துடைத்தார். மேஜை மேல் கிடந்த கார்டைப் பார்த்தார். அடித்துத் திருத்திய ஏழின் மேல் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. விழவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றி நிற்கிற அத்தனை காதும் செவிடாகிவிடும்.

"எனக்கு விழுந்துச்சு" என்றார் டாக்டர் யூசுப், யாரும் கேட்காமலே. "நாளைக்கு எத்தனை மணிக்கு, எங்க வரணும்னு சொன்னா வர்றேன்."

தாசில்தார் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிராசுதாரை. பிறகு சேறு படிந்த அந்த முட்டியை.

"நீங்க வரணும்னு இல்ல டாக்டர்" என்றார். "எனக்கும் விழுந்துச்சு."

வாசலில் கார் சத்தம் கேட்டது. "கலெக்டர், கலெக்டர்" என்று தலையாரிகள் ஓடினார்கள். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. தாசில்தார் எழுந்தார், டாக்டர் எழுந்தார், வந்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். மிராசுதார் அமிர்தலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கட்டி, ஓரமாக நின்றார். துரைராசு மட்டும் யாருடைய நாற்காலி என்றுகூடப் பார்க்காமல் பக்கத்தில் கிடந்த ஒன்றில் உட்கார்ந்துவிட்டான். எழ வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்தது. கால்தான் வரவில்லை.